கூரை மேல் ஏறுமுன் கேளுங்கள்: அந்த வீடு யாருடையது?



கெடாவில் பாடாங் செராய், கூலிம், பீடோங், சுங்கை பட்டாணி, கோல கெட்டில் என எந்தப் பக்கம் போனாலும், பழைய லயங்களின் மேலும் மலிவு விலை வீடுகளின் மேலும் சாம்பல் நிற நெளிக் கூரைகளைப் பார்க்கலாம். அத்தாப்புக்குப் பிறகு தகரம் வந்தது. தகரத்துக்குப் பிறகு அஸ்பெஸ்டாஸ் வந்தது. மழை பெய்தால் தகரம்போல் காதைப் பிளக்காது, வெயிலில் அவ்வளவு சுடாது, துருப்பிடிக்காது. அதனால் அன்று நம் பெற்றோர் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார்கள். அப்படிப் போட்ட பல கூரைகளுக்கு இன்று 30, 40 வயது ஆகிவிட்டது. பாசி படிந்து, ஓரம் உதிர்ந்து, ஆணி இறங்கிய இடமெல்லாம் வெடித்து நிற்கின்றன. ஒரு காற்று மழை வந்தால் நாலு தகடு போய்விடுகிறது.

பிறகு நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமன் மச்சான் என்று நாலு பேர் ஏறுகிறார்கள். சுத்தியலால் தட்டி உடைத்துக் கீழே போடுகிறார்கள். பெண்கள் துடைப்பம் எடுத்துக் கூட்டுகிறார்கள். பிள்ளைகள் துண்டுகளைப் பொறுக்கி விளையாடுகிறார்கள். நல்ல துண்டு கோழிக் கூண்டுக்குப் போகிறது. மிச்சம் செம்பனைக் காட்டுக்குள்ளோ ஆற்றோரத்துக்கோ போகிறது. தோட்டத்துக் கோயிலின் சமையல் கொட்டகையிலும் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் கோத்தோங் ரோயோங் என்ற பெயரில் இதே கதைதான். அன்று மூச்சில் போன தூசு 30 ஆண்டு கழித்துக் கணக்குக் கேட்கும் என்பதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

இந்தத் தலையங்கத்தில் பழைய அஸ்பெஸ்டாஸ் கூரையை எப்படிக் கழற்ற வேண்டும் என்று சொல்லப் போகிறோம். அதற்கு முன்னால் யார் கழற்ற வேண்டும் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம் மக்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. தலைக்கு மேல் இருப்பதால் நம் பொறுப்பு என்று எண்ணி ஏணியை எடுத்துவிடுகிறோம்.

தூசுதான் எமன்

அஸ்பெஸ்டாஸ் என்பது பாறையிலிருந்து எடுக்கும் நார். தமிழில் கல்நார் என்பார்கள். கூரைத் தகட்டில் பெரும்பகுதி சிமெண்ட்தான். நார் பொதுவாக நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு இருக்கும். சிமெண்ட் அந்த நாரை இறுகப் பிடித்து வைத்திருக்கும் வரை ஆபத்து குறைவு. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், தேய்த்தால், பிரஷர் ஜெட் தண்ணீரால் பாசியைக் கழுவினால் நார் விடுபடுகிறது. முடியைவிடப் பல மடங்கு மெல்லிய இந்த நார் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கு வாசம் தெரியாது. நுரையீரலின் அடிவரை போய்த் தங்கிவிடும்.

எல்லா வகை அஸ்பெஸ்டாஸும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு உறுதி செய்திருக்கிறது. நுரையீரல் இறுகும் அஸ்பெஸ்டோசிஸ், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதீலியோமா ஆகியவை அது தரும் நோய்கள். பெரும்பாலும் 20 முதல் 40 ஆண்டுகள், சில நேரம் அதற்கும் மேல் கழித்துத்தான் வெளியே தெரியும். வேலையிடத்தில் அஸ்பெஸ்டாஸை மூச்சிழுத்ததால் உலகில் ஆண்டுக்கு 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள் என்பது அந்த நிறுவனத்தின் மதிப்பீடு. புகை பிடிப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் ஆபத்து இன்னும் பல மடங்கு ஏறும்.

வேலைக்குப் போனவர் மட்டும் பாதிக்கப்படுவதில்லை. கணவனின் வேலைச் சட்டையை உதறித் துவைத்த மனைவிக்கும் மீசோதீலியோமா வந்ததை 1965இல் லண்டனில் நடந்த ஆய்வு பதிவு செய்தது. நம் வீடுகளில் சட்டையை உதறுவது யார் என்று நாம் சொல்லத் தேவையில்லை.

அதற்காகப் பயந்து நடுங்கவும் வேண்டாம். ஒருநாள் உடைந்த தகட்டைத் தொட்டவருக்கெல்லாம் நோய் வந்துவிடாது. எவ்வளவு தூசு, எத்தனை முறை, எத்தனை ஆண்டு என்பதைப் பொறுத்தே ஆபத்து ஏறுகிறது. உடையாத, உதிராத கூரையை உடனே கழற்றவும் தேவையில்லை. ஆணி அடிக்காமல், துளை போடாமல், தேய்க்காமல் விட்டு வைப்பதே அதற்குப் பாதுகாப்பு. பழைய அஸ்பெஸ்டாஸ் மேலேயே ஆணி அடித்துப் புதுத் தகரம் ஏற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை நிறுத்துங்கள்.

தோட்ட வீடு என்றால் பொறுப்பு முதலாளிக்கு

தோட்டத்தில் வேலை செய்பவருக்கு நிர்வாகம் கொடுத்த வீடு நிர்வாகத்தின் சொத்து. அதை நல்ல நிலையில் பழுதுபார்த்து வைக்க வேண்டியது முதலாளியின் கடமை. 1966ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446 இதைச் சொல்கிறது. 2019இல் அது திருத்தப்பட்டுப் பெயரும் மாறியது, கடமை மாறவில்லை. மனிதவள அமைச்சின் தொழிலாளர் இலாகா, அதாவது ஜேடிகே, இதைக் கண்காணிக்க வேண்டும்.

"நாங்கள் தகரம் தருகிறோம், நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்" என்று நிர்வாகம் சொன்னால் அது உதவியே அல்ல. தன் கடமையையும், அதோடு சேர்ந்த ஆபத்தையும் தொழிலாளியின் தலையில் கட்டும் வேலை. கெடாவில் இப்படி ஒரு லயத்து மக்கள் என் அலுவலகத்துக்கு வந்தபோது, புதுத் தகரம் கிடைத்ததே என்ற மகிழ்ச்சியில்தான் பேசினார்கள். பழையதை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். லயத்துக்குப் பின்னால், பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்தில் என்றார்கள்.

இரண்டாவது சட்டம் 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். ஒரு முதலாளி தன் ஊழியர்களை மட்டுமல்ல, தன் தொழிலால் பாதிக்கப்படக்கூடிய மற்றவர்களையும் பாதுகாக்க வேண்டும் என்கிறது இது. 2022இல் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் அந்தத் திருத்தம் நடப்பில் இருக்கிறது. இப்போது வேலையைக் குத்தகைக்கு விட்டவருக்கும், தன் கட்டளைப்படி வேலை செய்யும் குத்தகையாளரின் ஆட்கள் மீது பொறுப்பு உண்டு. வேலைக்கு முன் ஆபத்தை மதிப்பிட்டாக வேண்டும். உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் ஊழியர், முதலாளி அதை நீக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலக உரிமை பெற்றிருக்கிறார். முதலாளி தன் பொதுக் கடமையை மீறினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இந்தச் சட்டத்தை அமல்படுத்துவது ஜேகேகேபி என்று நாம் சொல்லும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகா.

ஆகவே தோட்ட வீட்டில் இருப்பவர்கள் ஏணியைத் தேட வேண்டாம். பேனாவைத் தேடுங்கள். மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம் போதும். வீட்டு எண், எத்தனை தகடு உடைந்திருக்கிறது, எப்போதிலிருந்து ஒழுகுகிறது என்று எழுதுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து இணையுங்கள். நான்கு காரியம் கேளுங்கள்: தகட்டைச் சோதனைக்கூடத்தில் சோதிக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்டு கழற்ற வேண்டும், வேலை நடக்கும் நாட்களில் குடும்பங்களுக்கு மாற்று இடம் தர வேண்டும், கழிவை முறைப்படி அகற்றியதற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டும். பதிவுத் தபாலில் அனுப்பி, ஜேடிகேவுக்கும் ஜேகேகேபிக்கும் நகல் அனுப்புங்கள். தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் சங்கத்துக்கும் ஒன்று. உங்களிடம் ஒரு நகல் கட்டாயம் இருக்க வேண்டும்.

"எழுதினால் வீட்டைக் காலி செய் என்பார்களே" என்ற பயம் நமக்குத் தெரியும். அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகும் லயத்தில் இருப்பவர்களுக்கு, வேலையில் இருப்பவர்களுக்குள்ள அளவு சட்டப் பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் தனியாக எழுதாதீர்கள் என்கிறோம். வேலையில் இருப்பவரும் ஓய்வு பெற்றவரும் சேர்ந்து, லயம் முழுவதும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். ஒரு வீட்டுக்காரரை மிரட்டலாம், 20 வீட்டை மிரட்டுவது சுலபமல்ல. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தால் கையெழுத்துப் போடுமுன் ஒரு வழக்கறிஞரிடமோ சட்ட உதவி மையத்திடமோ காட்டுங்கள்.

கூலிக்கு ஏறும் நம் பையன்கள்

தோட்டம் விற்கப்பட்டு, துண்டாடப்பட்டு, நம் மக்களில் பலர் சுங்கை பட்டாணிக்கும் கூலிமுக்கும் குடிபெயர்ந்தார்கள். அவர்களின் பிள்ளைகளில் பலர் இன்று கூரை வேலைக்கும் வீடு உடைக்கும் வேலைக்கும் நாள் கூலிக்குப் போகிறார்கள். மூக்கில் ஒரு கைக்குட்டை, காலில் சிலிப்பர். இதுதான் அவர்களின் பாதுகாப்பு.

தம்பிகளே, நோய் 30 ஆண்டு கழித்து வரலாம். ஆனால் பழைய அஸ்பெஸ்டாஸ் தகடு மனித எடையைத் தாங்காது, பட்டென்று உடைந்து ஆள் கீழே விழும். அந்தச் சாவு அன்றே நடக்கும். தகட்டின் மேல் நேரடியாகக் கால் வைக்காதீர்கள். ஆணி வரிசை மேல் நடந்தாலும் ஆபத்துதான்.

வேலைக்கு எடுப்பவர் சொக்சோ கட்டுகிறாரா என்று முதல் நாளே கேளுங்கள். அஸ்பெஸ்டாஸால் வரும் நோய்கள் 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. பதிவே இல்லாதவர் 30 ஆண்டு கழித்து எதைக் காட்டி இழப்பீடு கேட்பார்? எந்த இடத்தில், யாரிடம், எந்தத் தேதியில் வேலை செய்தீர்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 1995இல் அஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில், உடல்நலம் தொழிலாளியின் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டு, அல்லது வேலையை விட்டு 15 ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொரு தொழிலாளியின் சுகாதாரப் பதிவையும் முதலாளி வைத்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. ஏன் அத்தனை ஆண்டு? இந்த நோய் அவ்வளவு மெதுவாக வருவதால்தான்.

சொந்த வீடு என்றால் என்ன செய்வது?

கண்ணால் பார்த்து அஸ்பெஸ்டாஸ் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் 2000க்கு முன் போட்ட சாம்பல் நிற சிமெண்ட் தகடு, தட்டையான சிலிங் பலகை என்றால், இல்லை என்று நிரூபிக்கும் வரை இருக்கிறது என்றே கொள்ளுங்கள்.

முழுக் கூரையைப் பயிற்சி பெற்ற குத்தகையாளரிடம் விடுவதுதான் சரி. ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் உரிமம் இல்லாதவர் 10 சதுர மீட்டருக்கு மேல் கழற்றக் கூடாது. நம் கூரைக் கணக்கில் அது நாலைந்து தகடு. குளியலறைச் சாய்ப்பு, முன்வாசல் தாழ்வாரம் போன்ற சிறிய வேலையைத் தவிர வேறெதையும் நீங்களே செய்ய நினைக்காதீர்கள். யார் செய்தாலும் இந்த விதிகள் மாறாது:

1. பிள்ளைகள், முதியோர், கர்ப்பிணிகள், வளர்ப்புப் பிராணிகள் வெளியேற வேண்டும். பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே சொல்லி, சன்னல்களை மூடச் சொல்லுங்கள். உணவு, துணிமணி, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றை மூடுங்கள். தரையில் கனமான பிளாஸ்டிக் விரியுங்கள்.

2. துணி முகமூடியும் மூன்று அடுக்கு மருத்துவ முகமூடியும் பயன்படாது. பி100 வடிகட்டி பொருத்திய அரை முகக் கவசம் வேண்டும். தாடி இருந்தால் அது முகத்தில் இறுக ஒட்டாது, மழித்துவிடுங்கள். தலையை மூடும், ஒருமுறை மட்டும் போடும் உடை, கையுறை, ரப்பர் பூட்ஸ் அவசியம்.

3. தகட்டின் மேல் ஏறாமல், சாரத்திலோ நிலையான மேடையிலோ நின்று வேலை செய்யுங்கள். காற்று வீசும் நாளில் வேலை வேண்டாம்.

4. தகட்டை இரு பக்கமும் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்தால் நன்றாக ஊறும். பிரஷர் ஜெட் கூடவே கூடாது.

5. சுத்தியல், கிரைண்டர், ரம்பம் எதுவும் வேண்டாம். ஆணியையும் போல்ட்டையும் நனைத்துக் கழற்றுங்கள். தகட்டை முழுசாக எடுத்து இருவர் பிடித்து இறக்குங்கள். மேலிருந்து வீசாதீர்கள்.

6. நனைந்த தகடுகளை 0.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று சுற்றி, டேப் ஒட்டி, 'அஸ்பெஸ்டாஸ், பஹாயா' என்று பெரிதாக எழுதுங்கள். துண்டுகளையும் அப்படியே.

7. துடைப்பமும் வீட்டு வேக்கும் கிளீனரும் தூசைக் காற்றில் கிளப்பும். ஈரத் துணியால் துடைத்து, துணியையும் கழிவோடு கட்டுங்கள். மழைநீர்க் கால்வாயில் படிந்த சகதியையும் ஈரமாகவே அள்ளுங்கள்.

8. உடையைக் கழற்றிக் கட்டிய பிறகு, கடைசியாக முகக் கவசத்தைக் கழற்றுங்கள். தலை முதல் கால் வரை குளியுங்கள். எந்த உடையையும் வீட்டுத் துணிகளோடு துவைக்காதீர்கள்.

9. பழைய தகட்டைக் கோழிக் கூண்டு, பாத்தி, வேலி என்று எதற்கும் பயன்படுத்தாதீர்கள், விற்காதீர்கள். எரிக்கவும் கூடாது, சூட்டில் தகடு வெடித்துச் சிதறும்.

கழிவு எங்கே போகும்?

வேலையைத் தொடங்குமுன் இதற்குப் பதில் தெரிய வேண்டும். 2005ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளில், தூசு, நார், சகதி வடிவிலான அஸ்பெஸ்டாஸ் கழிவு எஸ்டபிள்யூ 201 என்று பட்டியலிடப்பட்டிருக்கிறது. கூரையை உடைத்துத் தூளாக்கினால் நீங்களே அந்தக் கழிவை உண்டாக்குகிறீர்கள். சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024இல் திருத்தப்பட்ட பின் அபராதங்கள் கடுமையாக உயர்ந்திருக்கின்றன. ஆகவே முதலில் மாநிலச் சுற்றுச்சூழல் இலாகாவிடமும், உங்கள் நகராண்மைக் கழகம் அல்லது மாவட்ட மன்றத்திடமும் எழுத்து மூலம் கேளுங்கள்: இந்தத் தகடுகளை யார் எடுப்பார்கள், எங்கே கொண்டு போக வேண்டும்? வழக்கமான குப்பை லாரியில் போடவே கூடாது.

இங்கேதான் ஏழைக்கு இடறுகிறது. பிளாஸ்டிக், முகக் கவசம், சாரம், லாரி, கழிவுக் கட்டணம் என்று கூட்டினால், மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பம் என்ன செய்யும்? சுத்தியலைத்தான் எடுக்கும். அரசாங்கம் கைகொடுக்காமல் மக்களை மட்டும் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

முடியாத காரியமா இது? தென்கொரியாவில் 1970களின் கிராம முன்னேற்ற இயக்கத்தில் ஓலைக் கூரைகளை நீக்கி அஸ்பெஸ்டாஸ் போட்டார்கள். 2009இல் அஸ்பெஸ்டாஸைத் தடை செய்தார்கள். 2011 முதல், அந்தப் பழைய கூரைகளைக் கழற்ற அரசாங்கமே பணம் கொடுத்து உதவுகிறது. போலந்து 2032க்குள் நாட்டிலுள்ள அஸ்பெஸ்டாஸ் முழுவதையும் அகற்றத் திட்டம் போட்டு வேலை செய்கிறது. நம் பக்கத்து சிங்கப்பூர் 1980களின் இறுதியிலேயே கட்டடங்களில் அஸ்பெஸ்டாஸ் போடுவதை நிறுத்தியது. நம் நாட்டில் 1986ஆம் ஆண்டு விதிமுறைகள் நீல அஸ்பெஸ்டாஸைத் தடுத்தன. கூரைத் தகட்டில் அதிகம் சேரும் வெள்ளை அஸ்பெஸ்டாஸைத் தடுக்கவில்லை. முழுத் தடை வேண்டும் என்று பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது.

தடை ஏன் தாமதமாகிறது என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 2018 முதல் அஸ்பெஸ்டாஸைக் கட்டுப்படுத்தப் போவதாக இலங்கை அறிவித்திருந்தது. அஸ்பெஸ்டாஸ் உற்பத்தியில் உலகில் முதலிடம் ரஷ்யாவுக்கு. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் ஒரு வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் இலங்கை தன் அஸ்பெஸ்டாஸ் கட்டுப்பாட்டைத் தள்ளி வைத்தது. தேயிலைக்கு மறுபடியும் வழி திறந்தது. அந்தத் தேயிலையைப் பறித்தவர்களில் பெரும்பாலோர் லயங்களில் வாழும் மலையகத் தமிழர்கள். வியாபாரப் பேச்சில் தொழிலாளியின் நுரையீரலுக்கு என்ன விலை என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

நம் கோரிக்கைகள் நான்கு. தோட்ட வீடுகளிலும் மலிவு விலை வீடுகளிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் உள்ள அஸ்பெஸ்டாஸ் கூரைகளைக் கெடா மாநில அரசு கணக்கெடுக்க வேண்டும். ஏழைக் குடும்பங்களின் கழிவை ஊராட்சி மன்றங்கள் கட்டணமின்றி எடுக்க வேண்டும். காற்று மழையில் கூரை இழந்தவர்களுக்குத் தரும் உதவியில், பழையதை முறையாக அகற்றும் செலவும் சேர வேண்டும். கூட்டரசு அரசாங்கம் எல்லா வகை அஸ்பெஸ்டாஸையும் தடை செய்ய வேண்டும்.

கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் ஒன்றும் நடக்காது. 1940களில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ.எம். சாமியின் தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கு எதிராக எழுந்தபோது, யாரும் மேலிருந்து உத்தரவு கொடுக்கவில்லை. தம் குடும்பங்களைக் கெடுப்பது எது என்று பார்த்துத் தோட்ட மக்களே எழுந்தார்கள். இந்த மாதம் உங்கள் லயத்தில், உங்கள் தாமானில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு நடந்து வாருங்கள். எத்தனை கூரை, எத்தனை உடைந்தது, வீட்டுக்குச் சொந்தக்காரர் யார் என்று எழுதுங்கள். கடிதம் எழுத ஆள் இல்லையென்றால் நாங்கள் எழுதித் தருகிறோம். கையெழுத்து நீங்கள் போட வேண்டும். அதுவரை யாரும் கூரை மேல் ஏறாதீர்கள், பிள்ளைகளையும் ஏற விடாதீர்கள்.